இராயப்பன்பட்டி பனிமய மாதா ஆலயமும் பள்ளத்தாக்கின் கட்டட மரபும்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேகமலைத் தொடரின் அடிவாரத்தை ஒட்டிச் சண்முகாநதி அணைக்கு அருகே அமைந்த இராயப்பன்பட்டி, கம்பம் பள்ளத்தாக்கில் கத்தோலிக்கர் செறிந்து வாழும் ஊர்களில் ஒன்று. அவ்வூர்ப் பங்கின், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைப் பிரிவின், பாதுகாவலி பனிமய மாதா. நான்காம் நூற்றாண்டில் உரோமை நகரின் எஸ்குவிலின் குன்றில் கடுங்கோடையில் பனி பெய்து ஆலயத்துக்குரிய இடத்தைக் காட்டியது என்ற மரபுக்கதையிலிருந்து எழுந்த இவ்வணக்கத்துக்குத் தமிழகத்தில் தலைமை இடம் தூத்துக்குடி. 1555இல் மணிலாவிலிருந்து அங்கு வந்து சேர்ந்ததாகக் கூறப்படும் சுரூபமும் 1713இல் நேர்ந்தளிக்கப்பட்ட ஆலயமும் அதைப் பரவர் கடற்கரையின் பெருவிழாவாக்கின. ஆகஸ்டு 5ஆம் நாளுக்குரிய இத்திருநாள், பள்ளத்தாக்கில் மேற்கு மலைகளைத் தாண்டிச் சாரல் விழும் ஆடி மாதத்தில் வருகிறது.

இந்நிலப்பகுதி மதுரை மறைத்தளத்தை, அதாவது இயேசு சபையினரின் மறைபரப்புப் பணிக்களத்தைச் சேர்ந்தது. 1606இல் இயேசு சபைக் குருவான இராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்தபின் வளர்ந்த அம்மறைத்தளம், 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டதால் நலிந்து, 1830களின் இறுதியில் பிரெஞ்சு இயேசு சபையினரின் வருகையால் மீண்டும் உயிர்பெற்றது. 1886இல் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டமும் 1938இல் மதுரை மறைமாவட்டமும் அமைந்தன; பின்னது 1953இல் உயர்மறைமாவட்டமாயிற்று.

கூரை வேய்ந்த மண்சுவர்க் கோவில்கள் செங்கல் ஆலயங்களாக மாறிய காலத்தை விளக்க மறைத்தள வரலாறு மட்டும் போதாது; நீரின் வரலாறும் வேண்டும். 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓடிய நீரைச் சுரங்கவழியே கிழக்கே திருப்பியது. இன்று பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் அந்நீரை நம்பியுள்ளது. கிராமத்து ஆலயம் விளைச்சலில் இருந்து எழுவது. அறுவடைக் காணிக்கை இல்லாத ஊரில் கோபுரம் எழும்புவதில்லை.  

பிரெஞ்சுக் குருக்கள் கொண்டுவந்த கட்டடக்கலையை அறிய, அதே மறைத்தளத்தில் வைகைக் கரையில் உள்ள இடைக்காட்டூரைப் பார்ப்பது பயனுள்ளது. பெர்டினாண்டு செல் அடிகளார் 1894இல் அங்கு எழுப்பிய திருஇருதய ஆலயம், பிரான்சின் ரேம்ஸ் பேராலயத்தை மனத்தில் கொண்டு கோதிக் பாணியில் அமைந்தது. கூர்முனை வளைவுகளும், நீண்ட நடுக்கூடமும், அதன் இருபுறப் பக்கக்கூடங்களும், கிழவர் முதல் சிறுவர் வரை எல்லாருடைய கண்ணையும் பலிபீடத்தை நோக்கி இழுக்கும் தூண்வரிசையும் அப்பாணியின் இயல்புகள். ஆனால் பிரான்சில் செதுக்கிய கல்லால் ஆனவை இங்கே அச்சில் வார்த்த சுடுமண்ணால் ஆயின. 153 வகை அச்சுச் செங்கற்கள் பயன்பட்டதாகச் சொல்வர். வெப்பம் இறங்காதிருக்க மேற்கூரை உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டப்பட்டது. வடிவம் அயலது, கை உள்ளூரது என்பது இங்கே கண்கூடு.

அக்கையின் திறமை சுண்ணாம்பில் இருந்தது. நீற்றிய சுண்ணாம்பை ஊறவைத்து, மணல் சேர்த்து, மாடு பூட்டிய செக்கில் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுப் பதப்படுத்துவது காரை. சுண்ணாம்போடு செங்கல் தூளைக் கலந்த சுர்க்கிக் கலவையே பெரியாறு அணையிலும் பயன்பட்டது. அணையையும் ஆலயத்தையும் எழுப்பிய தொழில்நுட்பம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின், மக்களை நோக்கித் திருப்பலி நிறைவேற்றும் வகையில் பலிபீடம் சுவரை விட்டு முன்னே வந்தது. பீடமுற்றத்தை நடுக்கூடத்திலிருந்து பிரித்த கிராதி பல ஊர்களில் அகற்றப்பட்டது. அது வழிபாட்டின் தேவையால் நேர்ந்த மாற்றம். முகப்பில் நிற்கும் கொடிமரமும், சப்பரம் சுற்றிவரும் தெருவும் அதனால் மாறவில்லை. கொடியேற்றம் முதல் தேர்ப்பவனி வரை விழாவின் பெரும்பகுதி கூரைக்கு வெளியே நடப்பதால், அத்தெருக்களையும் ஆலயத்தின் பகுதியாகவே கருதுவது முறை.

வருந்தத்தக்க மாற்றம் வேறு: புதுப்பிப்பு என்ற பெயரில் காரைச் சுவர்மேல் சிமெண்டு பூசுவது. காரைச் சுவர் மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தை உள்வாங்கித் தன் மேற்பரப்பின் வழியே வெளியே விடும். சிமெண்டுப் பூச்சு அவ்வழியை அடைத்துவிட, ஈரம் மேலும் உயரம் ஏறி, உப்புப் பூத்து, சில ஆண்டுகளில் பூச்சோடு செங்கல்லின் முகமும் பொடிந்து உதிர்கிறது. காரை வேலை தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டுப் பக்கம் இன்றும் உள்ளனர். பங்குப் பேரவை சிமெண்டு மூட்டைக் கணக்கு எழுதுமுன் அவர்களில் ஒருவரை அழைத்துச் சுவரைத் தட்டிப் பார்க்கச் செய்வது நலம். வெற்றோசை எழும் இடத்தில் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கும், அந்த இடத்தை மட்டும் கொத்தியெடுத்துப் புதுக்காரை பூசினால் போதும்.