மன்னர் தந்த பதக்கம் யாருக்குச் சொந்தம்?

செங்காங்கில் வடகிழக்குத் தட ரயிலில் ஏறினால் எட்டாவது நிலையம் ஃபேரர் பார்க். லிட்டில் இந்தியாவுக்குச் சாமான் வாங்கப் போகும் தமிழர்கள் வாரந்தோறும் கடந்து செல்லும் இடம். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 45,000 பேர் இந்த ஃபேரர் பார்க் திடலில்தான் கூட்டப்பட்டார்கள். மன்னரின் படையில் இருந்த அவர்களைப் பார்த்து, இனி இந்திய விடுதலைக்காகப் போரிட வாருங்கள் என்று கேப்டன் மோகன் சிங் அழைத்தார்.

மன்னருக்குச் செய்து கொடுத்த சத்தியமா, பிறந்த மண்ணா? சிலர் அந்தப் பக்கம் போனார்கள், சிலர் இந்தப் பக்கம் நின்றார்கள். போர் முடிந்ததும் மன்னரின் பதக்கங்கள் ஒரு பக்கத்துக்கு மட்டுமே வந்து சேர்ந்தன. அப்படியானால் பதக்கம் பெற்றவர் மட்டும்தான் வீரரா? இந்தக் கேள்விக்கு விடை தேட, மன்னர்கள் படைத்தலைவர்களுக்குச் சிறப்புச் செய்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நல்லது.

விருது வழங்குவது வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்த பழக்கம் அல்ல. போரில் சிறந்து விளங்கியவனுக்கு மன்னன் செய்யும் சிறப்பைத் தொல்காப்பியம் ‘மாராயம்’ என்று குறிப்பிடுகிறது. படைத்தலைவர்களுக்கு ‘ஏனாதி’ என்ற பட்டம் வழங்கப்பட்டது. புறநானூற்றில் ஏனாதி திருக்கிள்ளி என்ற தலைவனையே பார்க்கிறோம். சோழர் காலத்துக்கு வந்தால், தஞ்சைப் பெரிய கோவிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்தவர் சேனாபதி கிருஷ்ணன் ராமன். அவர் பெற்ற பட்டம் ‘மும்முடிச் சோழ பிரமராயன்’. மும்முடிச் சோழன் என்பது ராஜராஜனுடைய பெயர்களில் ஒன்று. தன் பெயரையே தளபதிக்குச் சூட்டி அழகு பார்த்தான் மன்னன். பெரிய கௌரவம்தான். அதே நேரத்தில், இவன் என் ஆள் என்ற முத்திரையும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

தமிழகத்தில் இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு மரபும் வளர்ந்தது. அதுதான் நடுகல். ஊரின் ஆநிரைகளை மீட்கப் போய் மாண்ட வீரனுக்குக் கல் நட்டு, பெயர் பொறித்து வழிபட்டார்கள். செங்கம், தர்மபுரி வட்டாரங்களில் இத்தகைய கற்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. மாண்டவனின் குடும்பம் பிழைப்பதற்கு நிலம் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. ‘உதிரப்பட்டி’ என்று அதற்குப் பெயர். உதிரத்துக்கு ஈடாகத் தந்த நிலம் என்பது பொருள். பட்டம் மன்னனைப் பார்த்துப் பேசுகிறது, நடுகல்லோ ஊரைப் பார்த்துப் பேசுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் காலத்துக்கு வருவோம்.

1837ல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியப் படையினருக்கென்றே இரண்டு விருதுகளை ஏற்படுத்தியது. ஒன்று வீரத்துக்கு. மற்றொன்று, இந்திய அதிகாரிகளின் நீண்டகால விசுவாசமான சேவைக்கு. அதைப் பெற்றவர்கள் ‘பகதூர்’, ‘சர்தார் பகதூர்’ என்று அழைக்கப்பட்டார்கள். கம்பெனி ஆட்சி போன பிறகு இவை முடியரசின் விருதுகளாகத் தொடர்ந்தன. ஆனால் 1856ல் ஏற்படுத்தப்பட்ட மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் 1911 வரை இந்திய வீரர்களுக்குக் கிடையாது. சிந்திய ரத்தத்தின் நிறம் ஒன்றுதான், பதக்கத்தில் மட்டும் தராதரம் இருந்தது. சுபேதார் என்ற பதவியும் அப்படித்தான். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், நேற்று வந்த வெள்ளைக்கார இளம் அதிகாரிக்குக் கீழேதான் சுபேதார்.

அப்படிப்பட்ட சுபேதார்களில் ஒருவர் சுப்பிரமணியன். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கீழோட்டிவாக்கத்தைச் சேர்ந்தவர். மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் பணியாற்றினார். பாலம் கட்டுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் அந்தப் பிரிவின் வேலை. 1944 பிப்ரவரி 24ஆம் தேதி இத்தாலியின் மிஞ்ஞானோ என்ற இடத்தில் அவருடைய குழு கண்ணிவெடிகளுக்கு நடுவே பாதை அமைத்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்த வீரர் ஒருவர் வெடியை மிதித்துவிட்டார். மிதித்த சில விநாடிகள் கழித்து வெடித்துச் சிதறும் வகை அது. அந்தச் சில விநாடிகளில் சுப்பிரமணியன் விலகி ஓடியிருக்கலாம். அவரோ அதன் மேல் பாய்ந்து தன் உடலால் மூடினார். உடனிருந்தவர்கள் பிழைத்தார்கள். அவர் சில நிமிடங்களில் உயிரிழந்தார்.

ஆறாம் ஜார்ஜ் மன்னர் 1940ல் ஏற்படுத்திய ஜார்ஜ் கிராஸ் அவருக்கு வழங்கப்பட்டது. அவருடைய மனைவியிடம் வைஸ்ராய் வேவல் பிரபு அதை ஒப்படைத்தார்.

இதே ஜார்ஜ் கிராஸுக்கு நம் வட்டாரத்துடனும் தொடர்பு உண்டு. மலாயாவில் ஜப்பானியரிடம் பிடிபட்ட கேப்டன் மஹ்மூத் கான் துரானி இந்திய தேசிய ராணுவத்தில் சேர மறுத்தவர். கடும் சித்திரவதைக்குப் பிறகும் அவர் பணியவில்லை. 1946ல் அவருக்கும் இந்தப் பதக்கம் கிடைத்தது.

மறுபக்கத்தைப் பாருங்கள். சுப்பிரமணியன் இறந்த அதே 1944ல் இம்பால் போர்முனையில் இந்திய தேசிய ராணுவத்தினர் மடிந்துகொண்டிருந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் பலர். அவர்களுடைய போர் இதே மன்னரை எதிர்த்து. நேதாஜியின் தற்காலிக அரசுக்கும் பதக்கங்கள் இருந்தன, ஆனால் அந்த அரசு 1945ல் மறைந்தது. எஸ்பிளனேடில் எழுப்பிய நினைவுச் சின்னத்தையும் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதே ஆண்டு தகர்த்தார்கள். அந்த இடத்தை அடையாளம் காட்டும் நினைவுக்கல் 1995ல்தான் வந்தது. மன்னர் பதக்கம் தராதவர்களுக்கு நாடு வைத்த நடுகல் என்றே அதைச் சொல்லலாம்.

சுப்பிரமணியனின் பதக்கம் மன்னருடைய பெயரைத் தாங்கியது. அவர் செய்த காரியமோ மன்னருக்காகச் செய்தது அல்ல, பக்கத்தில் நின்றவர்களுக்காகச் செய்தது. எதிரியைக் கொன்று பெற்ற விருதும் அல்ல. ஆகவே, இம்பாலில் மடிந்தவரின் பேரப்பிள்ளையும் அதைத் தயக்கமின்றி வணங்கலாம்.

சுதந்திர இந்தியாவும் இதைப் புரிந்துகொண்டது. அரசியல் சட்டத்தின் 18ஆவது பிரிவு பட்டங்களை ஒழித்தது. ராணுவ, கல்விச் சிறப்புகளுக்கு மட்டும் விதிவிலக்குத் தந்தது. மன்னர் போனாலும் வீரத்துக்கு மரியாதை போகக்கூடாது என்பதுதான் அதன் பொருள்.

கிராஞ்சி போர் நினைவகத்தின் சுவர்களில் 24,000க்கும் அதிகமான பெயர்கள் உள்ளன. அவற்றில் இந்தியப் பெயர்களும் ஏராளம். விடுமுறை நாளில் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். உங்கள் வீட்டு அலமாரியில் பழைய பதக்கமோ, நேதாஜி படையின் சான்றிதழோ இருந்தால், அது யாருடையது, எங்கே, எந்த ஆண்டு கிடைத்தது என்று இன்றே எழுதி வையுங்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பெயர் தெரியாத பதக்கம் அடுத்த தலைமுறைக்கு வெறும் உலோகத் துண்டுதான்.