ஒரு தலையங்கமும் ஒரு நெடுநடையும்

அமெரிக்காவின் பொட்டோமாக் நதிக்கரையில், வொஷிங்டனின் ஜோர்ஜ்டவுனிலிருந்து மேரிலாந்தின் கம்பர்லண்ட் வரை 184.5 மைல் நீளமான நடைபாதை ஒன்று உண்டு. ஹான்கொக், வில்லியம்ஸ்போர்ட் போன்ற சிற்றூர்களை இணைத்துச் செல்லும் அப்பாதையில் இன்று மக்கள் உலாவுகின்றனர், சைக்கிள் ஓட்டுகின்றனர். ஆனால் அது உல்லாசத்துக்காக அமைக்கப்பட்டதன்று. 1828இல் வெட்டத் தொடங்கிய கால்வாயில் படகுகளை இழுத்துச் சென்ற கோவேறு கழுதைகளின் பாதை அது. கால்வாய் கம்பர்லண்டை எட்டியது 1850இல். புகையிரதமோ 1842இலேயே அங்கு போய்ச் சேர்ந்துவிட்டது! 1924ஆம் ஆண்டு வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றுபோயிற்று.

1938இல் அரசாங்கம் கால்வாயை வாங்கியது. பின்னர் அதன் வழியே வாகன வீதி அமைக்கும் யோசனை எழுந்தது. 1954 ஜனவரியில் 'வொஷிங்டன் போஸ்ட்' அதனை ஆதரித்துத் தலையங்கம் தீட்டியது. உயர் நீதிமன்ற நீதியரசர் வில்லியம் டக்ளஸ் அப்பத்திரிகைக்கே கடிதம் எழுதினார். என்னோடு முழுத் தூரமும் நடந்து பாருங்கள் என்பது அதன் சாரம்.

பத்திரிகைத் தொழிலிலேயே காலத்தைக் கழித்த என்னைக் கவர்வது அடுத்து நடந்ததுதான். கடிதத்தைப் பிரசுரித்ததோடு நில்லாமல், ஆசிரியபீடத்தைச் சேர்ந்த மேர்லோ பியூசியும் ரொபர்ட் எஸ்டபுரூக்கும் மார்ச்சில் நடக்கவும் புறப்பட்டனர். எட்டு நாள் நடை. முழுத் தூரத்தையும் நடந்து முடித்தோர் டக்ளஸ் உட்பட 9 பேரே. ஏடு தன் நிலைப்பாட்டைத் தலையங்கத்திலேயே திருத்திக்கொண்டது. நம்மவர் திருத்தங்களோ உள்பக்க மூலையில் இரண்டு வரியோடு முடிந்துவிடும்!

அரசாங்கம் ஆறுதலாகவே அசைந்தது. 1971இல்தான் கால்வாயைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்கும் சட்டத்தில் நிக்சன் கையொப்பமிட்டார். 2013இல் பிட்ஸ்பேர்க்கிலிருந்து கம்பர்லண்டுக்கு வரும் மற்றொரு பாதையும் நிறைவுற்றதால், அந்நகரிலிருந்து வொஷிங்டன் வரை ஏறத்தாழ 335 மைல் தூரத்தை இப்போது சைக்கிளிலேயே கடக்கலாம்.