இரு எழுதுகோல்கள்

அயல்நாடு சென்று மீள்வோர் வாங்கிவரும் பொருள்களுள் எழுதுகோலுக்கு என்றும் தனி மதிப்புண்டு. சிங்கப்பூர்ப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிப் பெருமிதத்தோடு நடந்த தலைமுறையை நாம் அறிவோம். எண்ணிக்கையை வரையறுத்து வெளியிடும் சிறப்புப் பதிப்பாயின் அம்மதிப்பு மேலும் உயர்கிறது. அது பேனாவின் மதிப்பா, விலையின் மதிப்பா? காந்தியடிகளோடு தொடர்புடைய இரு பேனாக்களின் வரலாறு இவ்வினாவிற்கு விடை தரும்.

முதலாவது, ஆந்திரத்து இராஜமுந்திரியில் பிறந்தது. ஊற்றுப் பேனா என்றாலே அயல்நாட்டுச் சரக்கு என்றிருந்த காலத்தில், கே. வி. ரத்தினம் என்னும் கைவினைஞர் சுதேசிப் பேனா செய்ய முனைந்தார். உறுப்புகளுள் சில வெளிநாட்டவை என்பதால் அடிகள் முதலில் அதனை ஏற்கவில்லை என்பர். ரத்தினம் தளரவில்லை, முழுதும் உள்நாட்டிலேயே செய்து, கிராமக் கைத்தொழில் சங்கத்தின் ஜே. சி. குமரப்பா வழியாக அனுப்பினார். அடிகள் அதனால் எழுதிப் பார்த்தார். கடைவீதியில் விற்கும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்று என்று 1935 ஜூலை 16 அன்று மடல் வரைந்தார்.

இடைநின்ற குமரப்பா தஞ்சையில் பிறந்தவர். இலண்டனில் கணக்கியலும் அமெரிக்காவில் பொருளியலும் பயின்றவர். அயல்நாட்டிலிருந்து அவர் கொணர்ந்தது கல்வி. அக்கல்வியைச் சிற்றூர்த் தொழிலுக்கே ஈந்து, இறுதிக் காலத்தைக் கல்லுப்பட்டியில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று, அடிகள் மறைந்த அதே நாளில், நம் மதுரையில் மறைந்தார்.

இரண்டாவது பேனா செர்மனியின் ஆம்பர்க் நகரத்து மாண்ட் பிளாங்க் நிறுவனத்தின் படைப்பு. 2009இல் அடிகளின் பெயரால் வெளிவந்தது. தண்டி நடைப்பயணத்தின் 241 மைலைக் குறித்து 241 பேனாக்களே செய்தனர். வெண்பொன் உடல், நூற்ற நூலை நினைவூட்ட எட்டு மீட்டர் பொற்கம்பி கையால் சுற்றப்பட்டது, முள்ளில் கோலூன்றி நடக்கும் அடிகளின் உருவம். விலையோ பதினொரு இலட்சம் ரூபாய்க்கும் மேல். அடிகளின் கொள்ளுப்பேரர் நடத்திய அறக்கட்டளைக்கு நிறுவனம் நன்கொடையும் வழங்கியது. ஆயினும் தேசத் தந்தையின் பெயரை வணிகத்திற்குப் பயன்படுத்தலாகாது எனக் கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கு எழுந்தது. 2010இல் இந்தியாவில் விற்பனை நிறுத்தப்பட்டது.

செர்மானியர் கைத்திறனில் குறையில்லை. எனினும் 1921 செப்டம்பர் 22 அன்று அடிகள் அரையாடை பூண்ட வீடு நம் மேலமாசி வீதியில் நிற்கிறது. விளாங்குடியிலிருந்து நகருக்குள் செல்லும் எவரும் அதைக் காணலாம். அதைக் கண்ட கண்ணுக்கு, பொற்கம்பி சுற்றிய பேனா அவர் நினைவுச் சின்னமாகத் தோன்றுவது அரிது. ரத்தினத்தின் பேனாவிற்குச் சிறப்பு தந்தது எண்ணிக்கையன்று. அதைக் கொண்டு ஒருவர் எழுதினார் என்பதே.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர்கள் கடல் கடந்து செல்வார்களாயின், மனம் விரும்பிய பேனாவை வாங்கி வருக. ஆனால் பேழையில் பூட்டி வைக்க வேண்டா. அதைக் கொண்டு எழுதுக. எழுதிய தாளோடு அடுத்த கூட்டத்திற்கு வருக.