கண்ணுக்கு எத்தனை விரல்?

1988, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு பல்கலைக்கழகம். கணினித் திரையில் பத்துக் கூட்டல் குறிகள், எல்லாம் ஒரே அச்சு. அவற்றில் நாலைந்து மட்டும் மினுங்கி அடங்குகின்றன. நீங்கள் காவல் காக்க வேண்டியவை அவைதான். அடுத்த நொடி பத்தும் மூலைக்கொன்றாகச் சிதறி ஓடுகின்றன. மினுங்கியது எது, மினுங்காதது எது என்று சொல்ல இப்போது ஓர் அடையாளமும் இல்லை. விழியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு மனதால்தான் துரத்த வேண்டும். சட்டென்று ஒன்றின் மேல் ஒளி வெட்டும். இது உங்கள் ஆளா, இல்லையா?

ஐந்து குறிகள் வரைக்கும் சோதனைக்கு உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். கவனம் என்பது டார்ச் வெளிச்சம் மாதிரி, ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் விழும் என்று நம்பியிருந்தவர்களுக்கு இது இடித்தது. சோதனையை ஸ்டார்ம் என்பவருடன் சேர்ந்து அமைத்த ஆய்வாளர் ஜெனான் பைலிஷினுக்கு இடிக்கவில்லை. பொருள் இன்னதென்று தெரியாமலே அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் விரல்கள் சில பார்வைக்கு உண்டு என்பது அவர் கட்சி.

பிறகு இந்த விளையாட்டு பல ஆய்வறைகள் ஏறி இறங்கியது. குறிகள் வட்டங்களாயின. தடுப்புக்குப் பின்னால் ஒளிந்து வெளிவந்த வட்டங்களையும் மக்கள் விடவில்லை. சுருங்கிப் புள்ளியாகி மறைந்தவைதான் நழுவின. 2007இல் இன்னொரு சேதி: மெதுவாக ஓடவிட்டால் எட்டைக்கூடத் துரத்தலாம்.

எனக்குப் பிடித்தது 2004இல் பைலிஷின் சொன்னது. துரத்த வேண்டிய நான்கு வட்டங்களுக்கும் முதலில் தனித்தனி அடையாளம் கொடுத்து ஓடவிட்டார். முடிவில் நான்கையும் சுட்டிக்காட்டியவர்களே, அதில் எது எது என்று கேட்டதும் தடுமாறினார்கள். மந்தையை ஓட்டி வந்தாயிற்று, எந்த ஆடு எதுவென்று தெரியவில்லை!

மொன்றியலில் ஜோஸ்லின் ஃபோபேர் என்ற ஆய்வாளர் இந்தத் துரத்தல் விளையாட்டை முப்பரிமாணத்துக்கு மாற்றினார். எட்டுப் பந்துகள், நான்கு உங்களுடையவை. தொழில்முறை ஆட்டக்காரர்கள் கல்லூரி மாணவர்களைவிட வேகமாக இதில் தேறுகிறார்கள் என்று 2013இல் எழுதினார். ஆய்வறைச் சோதனை இப்போது விலைக்கு விற்கும் பயிற்சிக் கருவி. கால்பந்து, ஐஸ் ஹாக்கி அணிகளின் முகாம்வரை போய்விட்டது.

திரையில் பந்து துரத்திப் பழகினால் அந்தத் துரத்தலில் தேறலாம், சந்தேகமில்லை. மைதானத்திலும் ஆட்டம் கூடுமா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே இன்னும் தகராறு ஓய்ந்தபாடில்லை. பிள்ளைக்கு இப்படி ஒரு பயிற்சியை யாராவது விற்க வந்தால், காசு கட்டுமுன் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.