மருத்துவமனைக்குள் கைத்துப்பாக்கி: அமெரிக்காவில் வாழும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்போது தனி உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைத்து வைத்துக்கொண்டு நடமாடலாம். அங்கே குடியுரிமையோ கிரீன் கார்டோ பெற்றுவிட்ட நம்மவர்களிலும் சிலர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்வது சரியா என்பது வேறு பேச்சு. மருத்துவமனைக்குப் போகும்போது அதை என்ன செய்வது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. டெக்சாஸில் மருத்துவமனை நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் உள்ளே கொண்டு போகக் கூடாது. மிச்சிகனிலும் இல்லினாயிலும் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் பெற்றவருக்கும் மருத்துவமனை தடை செய்யப்பட்ட இடம். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் கூட்டரசுக்கு உரியவை. எந்த மாநிலத்தில் இருந்தாலும் அங்கே தடைதான். மற்ற இடங்களில் வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டே நுழைய வேண்டும்.

சட்டத்தை விடவும் நாம் அஞ்ச வேண்டியது எம்.ஆர்.ஐ. அறையை. அங்குள்ள காந்தம் ஸ்கேன் நடக்கும்போது மட்டும் இயங்குவதன்று. இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கும். 2000ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில், ஸ்கேன் எடுக்க வந்த ஒரு காவல் அதிகாரியின் கையிலிருந்த துப்பாக்கியைக் காந்தம் பறித்து இழுத்தது. பாதுகாப்புப் பூட்டு போடப்பட்டிருந்தும் அது வெடித்தது. குண்டு சுவரில் பாய்ந்ததால் யாருக்கும் காயமில்லை. 2023 ஜனவரியில் பிரேசிலின் சாவோ பாலோ நகரில் தாயாருக்குத் துணையாக ஸ்கேன் அறைக்குள் சென்ற ஒருவர், இடுப்பில் இருந்த துப்பாக்கியைப் பற்றிச் சொல்லவில்லை. அது வயிற்றில் சுட்டு, சில வாரங்களில் இறந்துபோனார். உலோகம் எதுவும் இருக்கிறதா என்று படிவத்தில் கேட்பது நோயாளியிடம் மட்டும் அல்ல, கூட வருபவரிடமும்தான்.

முன்கூட்டியே தெரிந்த மருத்துவர் சந்திப்பு என்றால் வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போவதுதான் நல்லது. வழியில் செய்தி வந்து ஓட நேர்ந்தால், காரில் கம்பியால் பிணைத்த பூட்டுப் பெட்டிக்குள் உறையோடு அப்படியே வைக்கலாம். டேஷ்போர்டு அறையில் வைக்காதீர்கள். திருடர்கள் முதலில் கைவிடும் இடம் அது.

ஆம்புலன்ஸில் போகும் நிலை வந்தால், "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, வலது இடுப்பில்" என்று வாயால் சொல்லுங்கள். நீங்களே உருவிக் கொடுக்கப் போகாதீர்கள். நோயாளிக்குப் பேச்சு வராவிட்டால் உடனிருக்கும் மனைவியோ மகனோ சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால், ஆடையைக் கத்தரிக்கும் செவிலியரின் கைக்குத்தான் ஆபத்து. மருத்துவமனைக் காவலர்களோ போலீசாரோ அதை வாங்கிப் பூட்டி வைத்தால், வரிசை எண் குறித்த ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நமது குடும்பங்கள் அறியாமல் சிக்கக்கூடிய இடம் வருகிறது. பேரப்பிள்ளையைப் பார்க்க விசிட்டர் விசாவில் போயிருக்கும் அத்தா, மாணவர் விசாவில் இருக்கும் தம்பி, எச்1பி விசாவில் வேலை பார்க்கும் மருமகன் ஆகியோர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. மற்றபடி 15 ஆண்டுகள் வரை சிறை, விசாவும் போகும். "கொஞ்ச நேரம் பையில் வைத்திருங்கள் அத்தா" என்று மகன் நீட்டினால் வாங்கவே கூடாது. காவலரிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

வீடு திரும்பும் நாளில் உரியவரே அடையாள அட்டையுடன் போய் வாங்குவது முறை. மயக்க மருந்தின் தாக்கம் இருக்கும்போது வாங்க வேண்டாம். இன்னொரு நாள் போய் வாங்கிக்கொள்ளலாம். மன அழுத்தத்துக்கோ மறதி நோய்க்கோ சிகிச்சை பெற்றுத் திரும்புபவர் என்றால், அவர் வருவதற்கு முன்பே வீட்டிலிருக்கும் துப்பாக்கியையும் அப்புறப்படுத்துவது பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். அமெரிக்கத் தற்கொலைகளில் பாதிக்கு மேல் துப்பாக்கியால்தான் நடக்கின்றன.