கோமா நிலையில் இருப்பவருக்குப் பாதுகாவலர்: சட்டம் சொல்வது என்ன?

விபத்தாலோ பக்கவாதத்தாலோ ஒருவர் கோமா நிலைக்குச் சென்றுவிட்டால், அவரது வங்கிக் கணக்கில் உள்ள பணத்தை அவரது சிகிச்சைக்காகவே எடுப்பதற்கும் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ தானாக உரிமை வந்துவிடுவதில்லை. அவர் பெயரில் உள்ள வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ இயலாது. இத்தகையோருக்குப் பாதுகாவலரை நியமிக்க இந்தியாவில் தனிச் சட்டம் இல்லாததே இதற்குக் காரணம்.

நடைமுறையில் உள்ள சட்டங்கள்

1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் சிறார்களுக்கு மட்டுமே பொருந்தும். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்கானது. இதன்கீழ், மாவட்ட ஆட்சியர் நிலையிலான அதிகாரி இடம்பெறும் உள்ளூர்க் குழுவே பாதுகாவலரை நியமிக்கிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' முறையைக் கொண்டுவந்தது. பாதுகாவலரும் மாற்றுத்திறனாளியும் இணைந்து முடிவெடுப்பதே இதன் அடிப்படை. நினைவிழந்தவரால் அதில் பங்கேற்க இயலாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை தொடர்பான பிரதிநிதியை நியமிக்க வழிசெய்கிறது. சொத்து நிர்வாகம் அதில் இடம்பெறவில்லை.

அதிகாரம் அளித்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரம் முடிவுக்கு வரும் என 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு கூறுகிறது. இதனால், முன்கூட்டியே எழுதிக்கொடுத்த பொது அதிகாரப் பத்திரமும் கைகொடுக்கும் என்பது உறுதியில்லை.

நீதிமன்றமே வழி

எனவே, அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவின்கீழ் உயர்நீதிமன்றத்தை அணுகுவதே குடும்பத்தினருக்கு எஞ்சியிருக்கும் வழி. கேரள உயர்நீதிமன்றம் 2019-இல் இதற்கான நெறிமுறைகளை வகுத்தது. மருத்துவக் குழுவின் ஆய்வு, வருவாய்த் துறை விசாரணை, சொத்து விவரத் தாக்கல் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. நியமனத்துக்குப் பின்னரும் பாதுகாவலர் 6 மாதங்களுக்கு ஒருமுறை அறிக்கை அளிக்க வேண்டும். 2024-இல் சென்னை உயர்நீதிமன்றமும் கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைப் பாதுகாவலராக நியமித்து, சொத்தை விற்க அனுமதித்தது.

தேவைப்படும் சீர்திருத்தம்

உயர்நீதிமன்றம் வரை செல்லும் வசதி எல்லாக் குடும்பங்களுக்கும் இல்லை. சிகிச்சைச் செலவோ வழக்கு முடியும்வரை காத்திருப்பதில்லை. மாவட்ட அளவிலேயே நியமனம் நடைபெற வகைசெய்யும் தனிச் சட்டம் இந்தச் சுமையைக் குறைக்கும். அதேவேளையில், எதிர்த்துப் பேச இயலாத ஒருவரின் சொத்து உறவினர்களாலேயே அபகரிக்கப்படும் அபாயமும் உண்டு. ஆகவே, விரைவான நியமனத்துடன் கணக்குத் தாக்கல், அவ்வப்போதான மறுஆய்வு, தவறிழைக்கும் பாதுகாவலரை நீக்கும் அதிகாரம் ஆகியவையும் அச்சட்டத்தில் இடம்பெறுவது அவசியமாகும்.