வேக வரம்பும் மனித மனமும்

1896ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள். இங்கிலாந்தில் கென்ட் வட்டாரத்தைச் சேர்ந்த பாடக் உட் என்னும் ஊரின் வழியே ஒரு மோட்டார் வண்டி சென்றுகொண்டிருந்தது. அதை ஓட்டியவர் வால்டர் அர்னால்டு. வண்டி சென்ற வேகத்தைக் கண்ட போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் ஏறித் துரத்தினார், பிடித்தும் விட்டார். வண்டியின் வேகம் மணிக்கு 8 மைல். ஊருக்குள் அன்று சட்டம் அனுமதித்த வேகமோ 2 மைல்தான்! இக்குற்றத்திற்காக அர்னால்டுக்கு 1 ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டது. மிகை வேகத்திற்காக முதன்முதலில் தண்டனை பெற்ற மோட்டாரோட்டி என்று இவரைக் குறிப்பிடுவது வழக்கம்.

சைக்கிளால் எட்டிப் பிடிக்கக்கூடிய வேகம் ஒரு குற்றமா என்று நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அன்று முதல் வேக வரம்பு பன்மடங்கு உயர்ந்துவிட்டது. ஆயினும் அதை மீறுவோர் குறையவில்லை. ஏன்? இங்கிலாந்தின் சாலை வரலாறு இதற்குச் சுவையான விடை தருகிறது.

சிவப்புக் கொடியும் கடிகாரமும்

அர்னால்டைத் தண்டித்த சட்டம் 1865இல் நீராவி வண்டிகளுக்காக இயற்றப்பட்டது. அதன்படி ஊருக்கு வெளியே 4 மைல், ஊருக்குள் 2 மைல் வேகமே செல்லலாம். வண்டிக்கு 60 கஜம் முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறியது. பின்னர் 1878இல் கொடியின் கட்டாயம் தளர்ந்தது. 1896 நவம்பரில் புதிய சட்டம் வந்து வேகத்தை உயர்த்தியது. 1903ஆம் ஆண்டுச் சட்டம் 20 மைல் வரை செல்ல இடமளித்தது.

20 மைலும் மக்களுக்குப் போதவில்லை. போலீசார் சாலையோரப் புதர்களில் ஒளிந்திருந்து, அளந்து வைத்த தூரத்தைக் கார் கடக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்து வழக்குத் தொடர்ந்தனர். காரோட்டிகள் சும்மா இருப்பார்களா? 1905இல் சங்கம் ஒன்றை அமைத்தனர். அதன் ஊழியர்கள் சைக்கிளில் சுற்றி, போலீஸ் மறைந்திருக்கும் இடத்தை முன்கூட்டியே உறுப்பினர்களுக்கு அறிவித்தனர். இவ்வாறு எச்சரிப்பது போலீசாரின் கடமைக்கு இடையூறு என்று 1910இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே சங்கம் வேறு வழி கண்டது. உறுப்பினரின் காரைக் கண்டால் ஊழியர் சலாம் செய்வார். சலாம் செய்யவில்லையென்றால், முன்னே ஏதோ இருக்கிறது என்று பொருள்! சலாம் செய்யாததற்காக யாரையும் தண்டிக்க முடியாதல்லவா?

இதிலிருந்து ஓர் உண்மை தெரிகிறது. ஓட்டுநர் அஞ்சியது வேகத்திற்கு அன்று, பிடிபடுவதற்கே. போலீஸ் ஒளிந்திருந்த அந்தச் சிறு தூரத்தில் மட்டுமே சட்டம் மதிக்கப்பட்டது.

வரம்பை நீக்கிப் பார்த்தார்கள்

எல்லோரும் மீறும் சட்டத்தால் பயன் என்ன என்ற கேள்வி எழுந்தது. 1930ஆம் ஆண்டுச் சட்டம் கார்களுக்கு வேக வரம்பையே நீக்கிவிட்டது. ஓட்டுநரின் நல்லறிவை நம்பினார்கள். முதலில் சாவு எண்ணிக்கை சற்றுக் குறைந்தது. பிறகு மீண்டும் ஏறியது. 1934இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 7,343 பேர். அன்று பிரிட்டனில் இருந்த வண்டிகளோ சுமார் 24 லட்சம்தான். 1935 மார்ச்சில், குடியிருப்புப் பகுதிகளில் 30 மைல் வரம்பு மீண்டும் வந்தது. அவ்வாண்டிலேயே புதிய ஓட்டுநர்களுக்குத் தேர்வும் கட்டாயமாயிற்று. சாவு எண்ணிக்கையும் குறைந்தது.

அப்படியானால் ஓட்டுநரின் அறிவுக்கு என்ன குறை?

மனம் செய்யும் மாயம்

முதலாவது, கண்ணும் மனமும் வேகத்திற்குப் பழகிவிடுகின்றன. 1969இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மணிக்கு 70 மைல் வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டியவர்களிடம், வேகமானியைப் பாராமல் 40 மைலுக்கு இறங்கும்படி கூறினார்கள். அவர்கள் 40 என்று எண்ணி ஓட்டிய வேகம் 50 மைலைத் தாண்டியிருந்தது!

இரண்டாவது, தன் திறமையில் உள்ள அளவு கடந்த நம்பிக்கை. ஸ்வீடன் நாட்டு உளவியலார் ஓலா ஸ்வென்சன் 1981இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதில் அமெரிக்கர்களுள் 93 விழுக்காட்டினர் தாம் பாதிப்பேரைவிடத் திறமையான ஓட்டுநர் என்று கருதினர். எல்லோரும் சராசரிக்கு மேல் இருக்க முடியுமா?

மூன்றாவது, அனுபவம் தரும் தவறான பாடம். வரம்பை மீறிய நூறு பயணங்களும் நலமாகவே முடிகின்றன. சீக்கிரம் சென்ற பலன் உடனே கைக்குக் கிடைக்கிறது. விபத்தோ அரிதாகவே வருகிறது. ஆகவே ஒவ்வொரு மீறலும் அடுத்த மீறலுக்குத் துணிவு தருகிறது. சுற்றியுள்ள வண்டிகளும் விரைந்தால் கேட்கவே வேண்டாம்.

லாபமும் நஷ்டமும்

மிச்சமாகும் நேரத்தையும் மனம் மிகையாகவே கணக்கிடுகிறது. 10 கி.மீ. தூரத்தை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கடக்க 10 நிமிடம் ஆகும். 80 கி.மீ. வேகத்தில் ஏழரை நிமிடம். லாபம் இரண்டரை நிமிடம்.

இனி நஷ்டத்தைப் பார்ப்போம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 80 கி.மீ. வேகத்தில் அது ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. ஒரு குழந்தை திடீரெனச் சாலையில் ஓடிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு 1 விநாடி ஆகலாம். 60இல் வந்த வண்டி சுமார் 36 மீட்டர் தள்ளி முழுவதும் நின்றுவிடும். 80இல் வந்த வண்டியோ அதே இடத்தைக் கடக்கும்போது இன்னும் ஏறக்குறைய 60 கி.மீ. வேகத்தில் இருக்கும்! குழந்தை அங்கே நின்றால், ஒரு வண்டி தொடாது; மற்றொன்று உயிரைப் பறிக்கும்.

வரலாற்றின் விந்தை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1953இல் மான்டி கார்லோ கார்ப் பந்தயத்தில் வென்றவர் ஹாலந்து நாட்டு மாரிஸ் காட்சோனிடிஸ். வளைவுகளில் இன்னும் விரைந்து செல்வதற்காக, தம் வேகத்தை அளக்கும் கருவி ஒன்றை அவர் செய்தார். அதுவே வளர்ந்து, பல நாடுகளில் வேகக் குற்றவாளிகளைப் படம் பிடிக்கும் காமிராவாயிற்று. வேகப்பிரியர் ஒருவரே தம் வேகத்தை அறியக் கருவியை நாடினார் என்பது சிந்திக்கத் தக்கது.

காமிரா நிற்கும் இடம் சில, சாலையோ நீண்டது. எஞ்சிய தூரத்தில் நம் உணர்வை நம்பாமல் வேகமானியை நம்பினால், அந்த இரண்டரை நிமிடத்தின் உண்மை விலை நமக்கு விளங்கும்.